சிடி பிளேயரை மாற்றினால் பாட்டு மாறுமா?

வீட்டில் ஸ்டீரியோ வைத்துக் கேட்பவர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் போதும், இந்தப் பேச்சு வந்துவிடும். "பிளேயரை மாற்றினேன், அதே சிடி, பாட்டு எங்கேயோ போய்விட்டது" என்பார் ஒருவர். "எல்லாம் ஒன்றும் பூஜ்யமும்தானே, எதில் போட்டால் என்ன" என்பார் மற்றவர். பக்கத்தில் கேட்டுக்கொண்டிருக்கும் மூன்றாவது ஆளிடம் ஒரு பழைய பிளேயர் இருக்கும். மாற்றுவதா வேண்டாமா என்று அவர் குழம்பிப்போவார். இந்தக் கட்டுரை அவருக்குத்தான்.

குழப்பத்துக்குக் காரணம், 'பிளேயரின் தரம்' என்ற ஒரே பெயரில் பல சங்கதிகளைச் சேர்த்துப் பேசுவது. ரெக்கார்டு பிளேயர் காலத்துப் பழக்கமும் இதில் கலந்திருக்கிறது. ரெக்கார்டில் ஊசி, மோட்டார், ஊசியைத் தாங்கும் கை என எல்லாமே சத்தத்தில் நேரடியாகக் கைவைக்கும். மோட்டார் நடுங்கினால் பாட்டும் நடுங்கும். அதனால் கனமான, நுணுக்கமாகச் செய்த இயந்திரம் நன்றாகப் பாடும் என்ற நம்பிக்கையில் நியாயம் இருந்தது. சிடி வந்தபோது அந்த நம்பிக்கையும் கூடவே குடிவந்துவிட்டது. ஆனால் சிடி பிளேயருக்குள் நடப்பது வேறு.

## ஒரு பெட்டி, மூன்று வேலை

வெளியிலிருந்து பார்க்க ஒரே பெட்டிதான். உள்ளே மூன்று வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கின்றன.

வட்டைச் சுழற்றி, லேசரால் படித்து, அதிலிருக்கும் எண்களை வெளியே எடுப்பது முதல் வேலை. இதைச் செய்யும் பகுதிக்கு டிரான்ஸ்போர்ட் என்று பெயர். அந்த எண்களை மின் அலையாக மாற்றுவது இரண்டாவது. இதைச் செய்யும் சிப்பின் பெயர் டாக். அந்த மின் அலையைப் போதிய வலுவோடு, இரைச்சல் சேராமல் ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்புவது மூன்றாவது. இதை அனலாக் வெளியீடு என்று வைத்துக்கொள்வோம்.

ஒவ்வொன்றும் கெட்டுப்போகும் விதம் வேறு, மேம்படுத்த முடிகிற அளவும் வேறு. ஆகவே "பிளேயரை மாற்றலாமா" என்று கேட்பதைவிட, "இந்த மூன்றில் எது எனக்குப் போதவில்லை" என்று கேட்டால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

## வட்டில் இருப்பது என்ன

சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து வகுத்த சிடி 1982இல் கடைக்கு வந்தது. 12 சென்டிமீட்டர் அகல வட்டு. அதில் ஒரே ஒரு சுருள் தடம், நடுவில் தொடங்கி ஓரம் நோக்கிப் போகிறது. அடுத்தடுத்த சுற்றுகளுக்கு இடையே உள்ள தூரம் 1.6 மைக்ரோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டருக்குள் அறுநூற்றுச் சொச்சம் சுற்றுகள். ஒரு முழு வட்டின் தடத்தை நீட்டிப் பிடித்தால் 5 கிலோமீட்டருக்கு மேல் வரும். தடம் நெடுக நுண்ணிய பள்ளங்கள். 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள லேசர் அதன் மேல் படும்போது, பள்ளத்துக்கும் சமதளத்துக்கும் பிரதிபலிப்பு மாறுகிறது. அந்த மாற்றங்களிலிருந்துதான் பிளேயர் ஒன்றையும் பூஜ்யத்தையும் பிரித்தெடுக்கிறது.

சரி, அந்த ஒன்றும் பூஜ்யமும் எதைச் சொல்கின்றன? ஒலி அலையின் உயரத்தை நொடிக்கு 44,100 முறை அளந்து எழுதிய கணக்கு அது. ஒவ்வொரு அளவுக்கும் சாம்பிள் என்று பெயர். இடது, வலது இரண்டுக்கும் தனித்தனியாக அளக்கிறார்கள். ஒவ்வொரு சாம்பிளும் 16 பிட்டில் எழுதப்படுகிறது (ஒரு பிட் என்பது ஓர் ஒன்று அல்லது ஒரு பூஜ்யம்). அதாவது 65,536 படிநிலைகளில் ஒன்று.

இவ்வளவுதான் சிடி. அதற்குள் 'இனிமை' என்றோ 'ஆழம்' என்றோ தனியாக எதுவும் பதியப்படவில்லை. எண்கள் சரியாக வெளியே வந்தால் பதிவில் இருந்த எல்லாமே வந்துவிட்டது என்று பொருள்.

## நன்றாகப் படிப்பது, சுமாராகப் படிப்பது என்று உண்டா?

இங்கேதான் ரெக்கார்டு காலத்து உள்ளுணர்வு நம்மை ஏமாற்றும். விலை கூடிய டிரான்ஸ்போர்ட் வட்டை 'இன்னும் நன்றாக' படிக்கும், அதனால் பாட்டு இன்னும் துலக்கமாக வரும் என்று தோன்றும்.

ஒருவர் போனில் உங்களுக்கு ஒரு நம்பர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் குரல் கணீரென்று இருக்கலாம், கரகரப்பாகவும் இருக்கலாம். நீங்கள் பத்து இலக்கத்தையும் சரியாக எழுதிக்கொண்டுவிட்டால் அதற்கு மேல் குரலுக்கு வேலை இல்லை. கணீர்க் குரலில் கேட்டு எழுதிய நம்பர், கரகரக் குரலில் கேட்டு எழுதிய அதே நம்பரைவிட நன்றாக இணைப்பு தராது. லைன் மோசமாகி இலக்கம் தவறினால்தான் சிக்கல். அதற்கும் ஒரு வழி உண்டு. "எல்லா இலக்கத்தையும் கூட்டினால் 47 வர வேண்டும்" என்று அவர் சேர்த்துச் சொல்லியிருந்தால், ஒரே ஓர் இலக்கம் காதில் விழாமல் போனாலும் நீங்களே கணக்குப் போட்டுக் கண்டுபிடித்துவிடலாம்.

சிடி செய்வது இதையேதான், இன்னும் கெட்டிக்காரத்தனமாக. ஒவ்வொரு 24 பைட் இசைக்கும் 8 பைட் சரிபார்ப்புக் கணக்கு கூடவே எழுதப்படுகிறது (ஒரு பைட் என்றால் 8 பிட்). இர்விங் ரீட், குஸ்டாவ் சாலமன் என்ற இருவர் 1960இல் வெளியிட்ட கணித முறை இது. அதோடு, அடுத்தடுத்த எண்களை அடுத்தடுத்த இடங்களில் எழுதுவதில்லை. தடத்தில் கிட்டத்தட்ட 2 சென்டிமீட்டர் நீளத்துக்குக் கலைத்துப் பரப்பி எழுதுகிறார்கள். ஓரிடத்தில் கீறல் விழுந்தால் ஒரு கணத்தின் இசை மொத்தமாக அழிவதில்லை. பல கணங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சம்தான் போகும். போனதைச் சரிபார்ப்புக் கணக்கைக் கொண்டு மீட்டுவிடலாம். தடத்தின் வழியே சுமார் 2.5 மில்லிமீட்டர் தொடர்ந்து அழிந்தாலும் எண்கள் முழுதாகத் திரும்பக் கிடைக்கும். ஏறக்குறைய என்று இல்லை, ஒரு பிட் பிசகாமல்.

அதற்கு மேல் சேதம் இருந்தால் பிளேயர் அக்கம்பக்கத்து எண்களைப் பார்த்து ஊகித்து நிரப்பும். அதுவும் முடியாதபோது ஒரு கணம் மௌனமாகும், அல்லது தாவும். 'டக்' என்று கேட்பதும் ஒரே இடத்தில் திக்கித் திக்கி நிற்பதும் இந்தக் கட்டத்தில்தான்.

(வட்டை வட்டமாகத் துடைக்காதீர்கள், நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடையுங்கள் என்று சொல்வதற்கும் காரணம் இதுதான். குறுக்கே விழும் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் துளியைத்தான் தொடும். தடத்தோடு சேர்ந்து வளையும் கீறல் ஒரே இடத்தில் நீளமாக அழிக்கும். இன்னொன்று: லேபிள் ஒட்டிய மேல்பக்கம்தான் உண்மையில் பலவீனமானது. பளபளப்பான உலோகப் படலத்துக்கும் வெளி உலகுக்கும் நடுவே அங்கே மெல்லிய அரக்குப் பூச்சு மட்டுமே இருக்கிறது. கீழ்ப்பக்கத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் பிளாஸ்டிக் இருக்கிறது.)

மோட்டாரின் நடுக்கம் என்ன ஆகும்? அதுவும் பாட்டுக்குப் போவதில்லை. படித்த எண்கள் நேராக டாக்குக்குப் போகாமல் முதலில் ஒரு சின்ன நினைவகத்தில் சேர்கின்றன. அங்கிருந்து ஒரு குவார்ட்ஸ் கடிகாரத்தின் தாளத்துக்கு ஏற்பச் சீராக வெளியேறுகின்றன. நினைவகம் நிரம்பினால் மோட்டார் வேகம் குறையும், காலியானால் கூடும். தடத்தின் உள்சுற்றில் நிமிடத்துக்குச் சுமார் 500 சுற்று, ஓரத்துக்குப் போகும்போது 200 சுற்று என்று வேகம் வழி நெடுக மாறிக்கொண்டேதான் இருக்கிறது. பாட்டின் சுருதி அதனால் மாறுவதில்லையே.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: டிரான்ஸ்போர்ட் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது, அல்லது காதுக்குத் தெரியும்படி சொதப்புகிறது. கொஞ்சம் மங்கலாக, கொஞ்சம் இனிமை குறைவாகப் படிப்பது என்ற நடுநிலை அதற்குக் கிடையாது. சந்தேகம் இருந்தால் பிளேயரின் டிஜிட்டல் வெளியீட்டைக் கணினியில் பதிந்து, அதே வட்டைக் கணினியில் படித்தெடுத்த கோப்போடு ஒப்பிடலாம். நல்ல நிலையில் உள்ள பிளேயர் என்றால், தொடக்க இடத்தைச் சரியாகப் பொருத்திய பின் இரண்டும் எண்ணுக்கு எண் ஒன்றாகவே இருக்கும்.

## எண்ணிலிருந்து அலைக்கு

இனி டாக். "எல்லாம் ஒன்றும் பூஜ்யமும்தானே" என்பவரின் வாதம் இந்த வாசலோடு நின்றுவிடுகிறது. இதற்குப் பின்னால் இருப்பது அனலாக் உலகம், இங்கே தரத்தில் ஏற்றத்தாழ்வு உண்டு.

ஆனால் இங்கும் ஒரு பெரிய தவறான புரிதல் உலவுகிறது. டிஜிட்டல் ஒலி என்றதும் படிக்கட்டு போன்ற ஒரு படத்தைப் போட்டு, "பாருங்கள், உண்மையான அலை வழவழப்பானது, சிடியோ துண்டு துண்டானது" என்பார்கள். அந்தப் படம் டாக்குக்குள் நடுவழியில் இருக்கும் நிலையைக் காட்டுகிறது, வெளியே வருவதை அல்ல. டாக்கை அடுத்து ஒரு வடிகட்டி இருக்கிறது. 22.05 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே, அதாவது நொடிக்கு 22,050 அதிர்வுகளுக்கு மேலே உள்ளதை அது வெட்டிவிடும். படிக்கட்டின் கூர்மையான முனைகள் அந்த வெட்டப்படும் பகுதியைச் சேர்ந்தவை. வெட்டிய பின் மிஞ்சுவது வழவழப்பான அலை. அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பில் பார்த்தால் படியே தெரியாது.

கிளாட் ஷானன் 1949இல் வெளியிட்ட சாம்பிளிங் தேற்றம் சொல்வதும் இதுதான்: ஓர் அலையில் உள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் வேகத்தில் அளந்துவிட்டால், அந்தப் புள்ளிகளின் வழியே போகக்கூடிய அலை ஒன்றே ஒன்றுதான். புள்ளிகளுக்கு நடுவே தொலைந்துபோனது என்று எதுவும் இல்லை. மனிதக் காது இளவயதில் 20 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கும், வயது ஏற ஏற அது இறங்கும். நொடிக்கு 44,100 என்ற எண் அதற்குப் போதுமானதாகத்தான் தேர்ந்தெடுக்கப்பட்டது.

16 பிட்? அது தீர்மானிப்பது இரைச்சலின் அடித்தளத்தை. மிக உரத்த ஒலிக்கும் அந்த அடித்தளத்துக்கும் இடையே சுமார் 96 டெசிபல் இடைவெளி கிடைக்கிறது. (டெசிபல் என்பது ஒலி அளவுகளை ஒப்பிடும் அலகு. 1 டெசிபல் வித்தியாசம் கவனித்தால் தெரியும், 10 டெசிபல் ஏறினால் இரண்டு மடங்கு சத்தம் போலத் தோன்றும்.) அமைதியான வீட்டு அறையிலேயே 30 டெசிபல் அளவுக்கு இரைச்சல் இருக்கும். அதற்கு மேல் 96 என்றால் 126 டெசிபல், காது வலிக்கும் சத்தம். நடைமுறையில் உங்கள் மின்விசிறி சிடியின் இரைச்சலை எப்போதோ மூழ்கடித்துவிட்டது. இதே காரணத்தால்தான் '24 பிட் டாக்' என்று பெட்டி மேல் போட்டிருப்பதைப் பார்த்து மயங்கத் தேவையில்லை என்கிறேன். வட்டில் இருப்பது 16 பிட். டாக் எவ்வளவு பெரியதானாலும் எழுதாததைப் படிக்க முடியாது.

அப்படியானால் டாக்குகளுக்குள் வித்தியாசமே இல்லையா? ஆரம்ப காலத்தில் இருந்தது. 1982இல் வந்த சோனியின் முதல் பிளேயரான சிடிபி-101இல் இரண்டு காதுக்கும் சேர்த்து ஒரே ஒரு டாக். இடதும் வலதும் மாறி மாறி அதைப் பகிர்ந்துகொண்டதால் ஒரு பக்கம் சுமார் 11 மைக்ரோசெகண்ட் தாமதமாக வந்தது. கேட்கப் பயமாக இருந்தாலும், ஒரு ஸ்பீக்கரை 4 மில்லிமீட்டர் பின்னால் தள்ளினால் வரும் தாமதமும் அவ்வளவுதான். பிலிப்ஸோ தன் முதல் பிளேயர்களில் 14 பிட் சிப்பையே வைத்து, சாம்பிள்களின் வேகத்தை நான்கு மடங்காக்கி 16 பிட்டுக்கு நெருக்கமான தரத்தை எடுத்தது. அந்த நான்கு மடங்கு உத்திக்கு ஓவர்சாம்பிளிங் என்று பெயர். பிறகு எல்லோரும் அந்த வழிக்கே வந்தார்கள், ஏனென்றால் வேகம் கூடினால் வடிகட்டியைச் செய்வது சுலபம்.

இன்றைக்குச் சாதாரண டாக் சிப்பின் பிழையே காதின் எல்லைக்கு வெகு கீழே இருக்கிறது. வேண்டுமென்றே வேறு மாதிரி செய்தவை மட்டும் விதிவிலக்கு. உதாரணமாக, ஓவர்சாம்பிளிங்கும் வடிகட்டியும் இல்லாத டாக்குகளை ஒரு சாரார் விரும்பிக் கேட்கிறார்கள். அவற்றில் 20 கிலோஹெர்ட்ஸ் அருகே ஒலி சுமார் 3 டெசிபல் இறங்கிவிடும். 'அனலாக் போல மென்மையாக இருக்கிறது' என்று சொல்வதில் ஒரு பங்கு இந்த இறக்கம்தான். பிடித்திருந்தால் தாராளமாக வாங்கலாம். ஆனால் அது கூடுதல் துல்லியம் அல்ல, ஒரு சுவை.

## ஜிட்டர் என்ற பூச்சாண்டி

எண்கள் சரி, டாக்கும் சரி, ஆனால் எண்களைத் தரும் கடிகாரம் துளி முன்பின்னாகத் தட்டினால்? அந்தத் தடுமாற்றத்துக்குப் பெயர் ஜிட்டர். இது உண்மையான சங்கதிதான். அளவுக்கு மீறினால் ஒலியில் சிதைவு சேரும்.

எந்த அளவு என்பதுதான் கேள்வி. ஒழுங்காகச் செய்த பிளேயர்களில் ஜிட்டர் ஒரு நானோசெகண்டுக்கும் கீழே இருக்கும், அதாவது நூறு கோடியில் ஒரு நொடிக்கும் கீழே. இசைக்கு நடுவே மனிதர்கள் கண்டுபிடிக்கும் அளவு அதைவிடப் பல மடங்கு மேலே. ஆகவே ஜிட்டரைக் காட்டிப் பிளேயரை விற்க வந்தால், உங்கள் பழைய பிளேயரில் அது எவ்வளவு என்ற எண்ணைக் கேளுங்கள். பேச்சு பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும்.

## கடைசிக் கட்டமும் வால்யூம் வைக்கும் கண்ணியும்

மூன்றாவது பகுதியான அனலாக் வெளியீட்டில்தான் பழைய பிளேயர்கள் உண்மையாகவே தேய்கின்றன. மின்சாரப் பகுதியில் இருக்கும் கெப்பாசிட்டர்கள் வருடக்கணக்கில் காய்ந்து வலுவிழக்கும். அப்போது மெல்லிய 'ம்ம்ம்' இரைச்சல் வரலாம், ஒரு பக்கம் சத்தம் குறையலாம், பேஸ் எனும் தாழ்ந்த சுருதிகள் தளரலாம். வெளியீட்டுச் சாக்கெட்டில் துரு ஏறினால் கேபிளை அசைக்கும்போது கரகரக்கும். இவையெல்லாம் பழுதுகள். புதிய பிளேயரால் தீரும், பல நேரம் சின்ன ரிப்பேராலும் தீரும்.

பழுது இல்லாத இரண்டு பிளேயர்களைப் பக்கத்தில் வைத்துக் கேட்டால் பலருக்கு வித்தியாசம் தெரிவது ஏன்? அவர்கள் பொய் சொல்லவில்லை. வித்தியாசம் உண்மையாகவே இருக்கிறது, ஆனால் அது பெரும்பாலும் சத்த அளவில்.

சிடி பிளேயரின் வெளியீடு வழக்கமாக 2 வோல்ட். சில பிளேயர்கள் 2.4 வோல்ட் கொடுக்கும். கணக்குப் போட்டால் 1.6 டெசிபல் கூடுதல். இதில் வினோதம் என்னவென்றால், இவ்வளவு சின்ன ஏற்றத்தைக் காது "சத்தம் கூடிவிட்டது" என்று சொல்லாது. "தெளிவு கூடிவிட்டது", "பாடகர் முன்னால் வந்துவிட்டார்", "பேஸுக்கு உடம்பு வந்துவிட்டது" என்று சொல்லும். கடையில் ஒப்பிட்டுக் காட்டும்போது இதைத் தெரிந்தோ தெரியாமலோ பயன்படுத்திக்கொள்ளலாம். நண்பரின் வீட்டிலும் இதேதான் நடக்கும், அங்கே யாரும் ஏமாற்ற நினைக்காமலே.

நியாயமாக ஒப்பிட ஆசைப்பட்டால் வழி இருக்கிறது. கொஞ்சம் மெனக்கெட வேண்டும், அவ்வளவுதான். 100 ஹெர்ட்ஸ் சோதனைச் சுருதி பதிந்த ஒரு சிடியைத் தயார் செய்யுங்கள். வால்யூமை மிதமாக வைத்து அதை ஒலிக்கவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். முனைகள் இரண்டும் ஒன்றையொன்று தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், ஆம்ப்ளிஃபையருக்கு அது ஆகாது. இரண்டாவது பிளேயருக்கு மாறி, அதே எண் வரும்வரை வால்யூமைத் திருப்புங்கள். முதல் பிளேயரில் 1.00 என்றால் இரண்டாவதில் 0.99க்கும் 1.01க்கும் இடையில் வந்தால் வித்தியாசம் 0.1 டெசிபலுக்குள் அடங்கிவிடும். இரண்டு வால்யூம் நிலைகளையும் குமிழுக்குப் பக்கத்தில் டேப் ஒட்டிக் குறித்து வையுங்கள். சுருதியை ஏன் இவ்வளவு தாழ்வாக வைப்பது என்றால், விலை குறைந்த மல்டிமீட்டர்கள் உயர்ந்த அதிர்வெண்ணில் சரியாக அளக்காது.

அப்புறம் வேறொருவரை மாற்றச் சொல்லி, எது ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியாமல் கேளுங்கள். அவர் முகத்தையும் பார்க்காதீர்கள். 16 முறை கேட்டு 12 முறையாவது சரியாகச் சொன்னால், வெறும் அதிர்ஷ்டத்தால் அது நடக்க 4 சதவீத வாய்ப்புகூட இல்லை. அப்படியானால் வித்தியாசம் உண்மைதான் என்று எடுத்துக்கொண்டு பணத்தைச் செலவழிக்கலாம். 8, 9 என்று நின்றால் பர்ஸை மூடிவிடுங்கள்.

இந்த வகைச் சோதனையில் பெயர் பெற்ற ஒன்று 2007இல் ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டியின் இதழில் வந்தது. பிராட் மேயர், டேவிட் மோரன் என்ற இருவர் நடத்தியது. சிடியைவிட உயர்ந்த தரத்தில் பதிந்த வட்டுகளை ஒலிக்கவிட்டு, நடுவில் அந்த ஒலியைச் சிடி தரத்துக்கு இறக்கித் திரும்ப அனலாக் ஆக்கும் ஒரு கருவியைச் சேர்த்தார்கள். கருவி இருக்கிறதா இல்லையா என்று கேட்டவர்கள் சொல்ல வேண்டும். மொத்தம் 554 முறை கேட்டதில் 276 முறை சரி. கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலும் பாதி சரியாக வரும். அதேதான் வந்தது. வால்யூமை வழக்கத்தைவிட மிகவும் ஏற்றி, இசை ஏறக்குறைய இல்லாத இடங்களைக் கேட்டபோது மட்டும் சிடி தரத்தின் இரைச்சல் பிடிபட்டது. இரண்டு பிளேயர்களை நேருக்கு நேர் வைத்த சோதனை அல்ல இது. ஆனால் எண்ணாக்கி மீண்டும் அலையாக்கும் வேலையே காதுக்குத் தெரியவில்லை என்றால், அந்த வேலையை ஒழுங்காகச் செய்யும் இரண்டு பெட்டிகளுக்குள் எவ்வளவு இடைவெளி இருந்துவிடப் போகிறது?

சுருக்கமாக: பழுதில்லாத பிளேயர்களுக்கு இடையே முதலில் சந்தேகிக்க வேண்டியது சத்த அளவை. அதைச் சமன்செய்த பிறகும் வித்தியாசம் நின்றால்தான் மற்றதை யோசிக்க வேண்டும்.

## பெரிய வித்தியாசம் இருக்கும் இடம்

ஒரு சாதாரண சிடி பிளேயர் கேட்கும் எல்லை முழுவதும் கால் டெசிபலுக்கு மேல் ஏறி இறங்காது. சிதைவு நூற்றில் ஒரு பங்கு சதவீதம்கூட இருக்காது. ஸ்பீக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். 3 டெசிபல் ஏற்ற இறக்கத்துக்குள் இருந்தாலே நல்ல ஸ்பீக்கர் என்கிறோம். பேஸ் பகுதியில் அதன் சிதைவு ஒரு சதவீதத்தைத் தொடுவது சகஜம்.

அறை இன்னும் மோசம். 4 மீட்டர் நீள அறையில் சுமார் 43 ஹெர்ட்ஸில் ஒலி எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே சிக்கி நிற்கும். அந்தச் சுருதி சுவரோரம் குமுறும், அறையின் நடுவில் ஏறக்குறைய காணாமலே போகும். பேஸ் கிட்டார் நன்றாகக் கேட்கும் ஒரு பாட்டைப் போட்டுவிட்டு அறைக்குள் நடந்து பாருங்கள். இரண்டடி நகர்ந்தால் மாறும் அளவுக்குச் சத்தத்தை மாற்றிக்காட்டிய சிடி பிளேயர் எதையும் நான் கேட்டதில்லை. நாற்காலியை நகர்த்தச் செலவும் இல்லை.

வட்டையும் மறந்துவிடக் கூடாது. 1990களிலிருந்து பல ஆல்பங்களை மறுவெளியீடு செய்யும்போது சத்தத்தை நெருக்கி ஏற்றிப் பதிந்தார்கள். மெல்லிய இடமும் உரத்த இடமும் ஒரே உயரத்துக்கு வந்துவிடும். கொஞ்ச நேரத்தில் காது களைத்துப்போகும். 'சிடியே கடுமையாக இருக்கிறது, பிளேயரை மாற்ற வேண்டும்' என்று நினைப்பவர்கள் முதலில் அதே ஆல்பத்தின் பழைய பதிப்பு கிடைத்தால் அதைக் கேட்டுப் பார்க்கலாம்.

## சரி, எப்போதுதான் மாற்றுவது?

வட்டைப் படிக்கத் திணறுகிறது, தாவுகிறது, முதல் பாட்டுகள் நன்றாக ஓடிக் கடைசிப் பாட்டுகளில் சிக்குகிறது என்றால் டிரான்ஸ்போர்ட்டில் கோளாறு. கடைசிப் பாட்டுகள் வட்டின் ஓரத்தில் இருப்பவை. லேசர் நகரும் தண்டவாளத்தில் மசகு காய்ந்திருந்தால் அங்கே போகத் தடுமாறும். தட்டு வெளியே வர மறுத்தால் உள்ளே இருக்கும் ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும். பொத்தானை அழுத்தி, தட்டை விரலால் மெல்ல இழுத்தால் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அநேகமாகப் பெல்ட்தான்.

இரைச்சல், ஒரு பக்கச் சத்தக் குறைவு என்றால் அனலாக் பகுதி. முதலில் கேபிளை ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் இடம் வலம் மாற்றிச் செருகிப் பாருங்கள். குறையும் பக்கம் மாறினால் கோளாறு பிளேயரிலோ கேபிளிலோ. மாறாமல் அதே ஸ்பீக்கரில் நின்றால் ஆம்ப்ளிஃபையரையோ ஸ்பீக்கரையோதான் பார்க்க வேண்டும், பிளேயர் நிரபராதி.

அனலாக் பகுதி மட்டும் சரியில்லை, டிரான்ஸ்போர்ட் நன்றாக ஓடுகிறது என்றால் முழுப் பிளேயரையும் மாற்றத் தேவையே இல்லை. பின்பக்கம் கோஆக்சியலோ ஆப்டிகலோ, ஏதாவது ஒரு டிஜிட்டல் வெளியீடு இருந்தால் தனி டாக் பெட்டி ஒன்றை வாங்கி அதில் இணைத்துவிடலாம். எண்கள் பழைய பிளேயரிலிருந்து, மீதி வேலை புதுப் பெட்டியில். நாளைக்கு டிவியையும் கணினியையும் அதே டாக்கில் சேர்த்துக்கொள்ளலாம். வீட்டில் மூலையில் கிடக்கும் டிவிடி பிளேயரும் இப்படி நல்ல டிரான்ஸ்போர்ட் ஆகிவிடும். எண்கள் அதே எண்கள்தானே. திரை இல்லாமல் பாட்டு எண் தெரியாது, அதுதான் தொல்லை.

வசதிக்காக மாற்றுவதும் நல்ல காரணமே. ரிமோட் வேண்டும், ஹெட்போன் சாக்கெட் வேண்டும், இரவில் அமைதியான பாட்டுக்கு நடுவே மோட்டார் உறுமல் கேட்கக் கூடாது, வீட்டில் பதிந்த வட்டுகள் ஓட வேண்டும் என்பதெல்லாம் நியாயமான தேவைகள். கடைசியாகச் சொன்னதில் ஒரு நுணுக்கம்: பலமுறை அழித்து எழுதும் சிடி-ஆர்டபிள்யூ வட்டு, கடையில் விற்கும் அச்சிட்ட வட்டைவிட மிகக் குறைவாகவே ஒளியைத் திருப்பும். பழைய பிளேயர்கள் பலவற்றால் அதைப் படிக்கவே முடியாது. அது பழுது அல்ல.

## பழையதைத் தூக்கிப்போடும் முன்

படிக்கத் திணறும் பிளேயர்களில் கணிசமானவற்றுக்கு வியாதி வெறும் தூசு. மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டு மூடியைத் திறந்தால், வட்டு உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் சிறு மணி அளவில் லென்ஸ் தெரியும். மெல்லிய கம்பிகளில் தொங்குவதால் தொட்டால் ஆடும். பஞ்சு சுற்றிய குச்சியில் ஐசோபுரொபைல் ஆல்கஹாலைத் துளி நனைத்து, அழுத்தாமல் ஒரு சுற்று சுற்றி எடுங்கள். காய்ந்த பிறகு மூடியைப் போட்டுவிட்டு இயக்கிப் பாருங்கள். மூடி திறந்த நிலையில் இயக்கி லென்ஸைக் குனிந்து பார்க்கக் கூடாது. இந்த லேசரின் ஒளி கண்ணுக்கு ஏறக்குறையத் தெரியாது, அதனாலேயே ஆபத்து.

துடைத்தும் சரியாகவில்லை என்றால் லேசர் தொகுதியை மாற்ற முடியுமா என்று ரிப்பேர்காரரிடம் கேளுங்கள். சோனியின் கேஎஸ்எஸ்-213 போன்ற தொகுதிகள் எத்தனையோ பிராண்டுகளின் பிளேயர்களில், விலை கூடியவற்றிலும், உள்ளே உட்கார்ந்திருக்கின்றன. அப்படிப்பட்டது உங்கள் பிளேயரில் இருந்தால் உதிரி கிடைக்க வாய்ப்பு அதிகம். அந்தப் பிளேயருக்கென்றே செய்த அபூர்வத் தொகுதி என்றால் புதிய பிளேயரையோ, டிஜிட்டல் வெளியீடு உள்ள ஏதாவது ஒன்றையோ தேட வேண்டியதுதான்.

தேடக் கிளம்பும்போது கடைக்காரர் போட்டுக் காட்டும் பளபள வட்டை நம்ப வேண்டாம். உங்களிடம் இருப்பதிலேயே அதிகம் கீறல் விழுந்த சிடியையும், வீட்டில் பதிந்த ஒன்றையும் எடுத்துப் போங்கள். கடைசிப் பாட்டுக்கு நேராகத் தாவச் சொல்லி, எத்தனை நொடியில் பிடிக்கிறது, பாட்டு நடுவே தட்டுப் பக்கம் காதை வைத்தால் மோட்டார் எவ்வளவு உறுமுகிறது என்று பாருங்கள்.